பிரேக் போட்டால் கொட்டும் தண்ணீர்

எங்கள் மில்லில் கிரேன் கயிறு அறுந்து விழுந்திருக்கிறது. ஃபர்னஸ் பொங்கி ஆட்கள் ஓட்டமெடுத்திருக்கிறார்கள். ஒருமுறை ஸ்கிராப் லாரியில் வந்த பழைய சிலிண்டர் வெடித்து எடை மேடை ஜன்னல் கண்ணாடி என் மடியில் விழுந்தது. அப்போதெல்லாம் அசராமல் நின்று பீடி பற்ற வைத்தவன் மோசஸ். அப்பேர்ப்பட்டவன் ஒரு சொம்புத் தண்ணீருக்கு நடுங்கியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பார்த்தேன் என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. அந்த நடுக்கத்தில் எனக்கும் பங்கு உண்டு.

நான் அரசப்பன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருக்கு மில்லில் எடை மேடை கிளார்க். லாரி ஏறினால் எடை எழுதுவேன், இறங்கினால் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேனுக்கு லீவு என்பதால் அன்றைக்கு மட்டும் வண்டிகள் போகும் நேரமும் வரும் நேரமும் எழுதுவது நான்தான். மற்றபடி எதையும் பார்க்க மாட்டேன், எதையும் கேட்க மாட்டேன். பதினாறு வருஷம் வேலையில் நிலைத்ததற்கு இதுதான் காரணம் என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

இரண்டாயிரத்து ஏழில் முதலாளி ஒரு வெளிநாட்டுக் கார் வாங்கினார். கறுப்பு நிறம். கூரையில் கண்ணாடி. பட்டனைத் தொட்டால் கண்ணாடி பின்னால் நகர்ந்து வானம் தெரியும். சன்ரூஃப் என்றார்கள். எங்கள் ஊர் வெயிலுக்கும் மில் புகைக்கும் கூரையைத் திறந்துகொண்டு போக எவனுக்குத் தோன்றும் என்று எடை மேடையில் உட்கார்ந்து சிரித்தோம். ஆயுத பூஜையன்று அந்தக் காருக்குத்தான் முதல் மாலை, முதல் பொட்டு. முதலாளியின் பேரன் சீட்டின் மேல் ஏறி, கூரை வழியாகத் தலையை நீட்டி நின்று, தாம்பாளத்தை வாங்கி வைத்துக்கொண்டு பொரியை எங்கள் மேல் வாரி வாரி இறைத்தான். நாங்கள் கைதட்டினோம். மேனேஜர் குப்புராஜே சிரித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காருக்கு மோசஸ்தான் டிரைவர். மில்லுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் எனக்கு அடுத்த வீடு. அவன் அப்பா காலம் வரை எளாவூர்ப் பக்கம் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். மனைவி ஞானம்மா இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறாள். ஒரே மகள் ஹெலன், இரண்டாம் வகுப்பு. எங்கள் லைன் முழுவதும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஐப்பசி பிறக்கும் முன் மோசஸ் தார் டப்பாவோடு மேலே ஏறுவான். ஒவ்வோர் ஆணித் துளையாகத் தேடித் தேடி அடைப்பான். என் கூரையையும் சேர்த்து அடைத்துவிட்டுத்தான் இறங்குவான். கூரையில் துளை இருந்தால் அடைக்க வேண்டும். இதில் அவனுக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

பூஜை முடிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் போடக் காரை எடுத்துக்கொண்டு போனான். பங்க் போய் வரப் பதினைந்து நிமிஷம் போதும். அவன் திரும்பி வந்தது நாற்பத்தைந்து நிமிஷம் கழித்து. எழுதினேன். ஏன் என்று கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. அன்று சாயங்காலம் பொதுக் குழாயடியில் மோசஸ் என்னிடம் வந்து நின்றான். குடம் கொண்டுவர மறந்திருந்தான்.

"கவரப்பேட்ட ரயில் கேட்டு போட்டுட்டாங்கணா. நான் பிரேக்க மெதுவாத்தான் வெச்சேன். கண்ணாடிக்கு மேல சின்ன லைட்டு கீது பாரு, அதுங்கிட்டருந்து மடமடன்னு கொட்டுது. ஒரு சொம்பு தண்ணி இருக்கும். மேனேஜரு மடியில ஃபைலு. எல்லாம் ஊறிப்போச்சு. அவுரு என்னிய பாக்கவே இல்ல. மேல பாத்தாரு. அப்பறம் ஒரே வார்த்த கேட்டாரு. 'தொறந்தியா?'ன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"இல்ல சார்னேன்."

அதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு நாற்பத்தைந்து நிமிஷம் ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

"சனிக்கெயம முதலாளி பம்பாயிலருந்து வராராம். ஏர்போட்டுக்கு இந்த வண்டிதான் போவணுமாம். 'அவுரு மேல ஒரு சொட்டு வுழுந்துச்சுன்னா பச்சையப்பன நெனச்சிக்கோ'ன்னாருணா."

பச்சையப்பன் இவனுக்கு முன்னால் இருந்த டிரைவர். மில் டீசலைத் திருடினான் என்று ஒருநாள் காலையில் அவனை ஸ்கிராப் யார்டு ஆயில் ரூமுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் போலீஸ் ஜீப்பில் ஏற்றும்போது இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு அவனுடைய வலது பாதம் தரையில் சரியாக ஊன்றவே இல்லை. பெண்டாட்டி அவனைத் தன் தாய்வீட்டுக்கு, பொதட்டூர்பேட்டைக்கு, அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் தறி ஓட்டுகிறாள், அவன் வாசலில் உட்கார்ந்திருக்கிறான் என்று கேள்வி.

டீசல் கேன்கள் எந்த வண்டியில் வெளியே போயின என்று எனக்குத் தெரியும். அது பச்சையப்பன் ஓட்டிய வண்டி இல்லை. அன்று குப்புராஜ் என்னைக் கூப்பிட்டு, "நீ எதுனா பாத்தியாய்யா?" என்று கேட்டார். "இல்ல சார்" என்றேன். இரண்டே வார்த்தை. அதற்குப் பிறகு நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் இறங்கிவிட்டது. அதுதான் இன்னும் அசிங்கம்.

புதன்கிழமை மோசஸ் தானே காருக்கு வைத்தியம் பார்த்தான். வியாழக்கிழமை பெய்த மழையில் ஒரு சொம்பு இரண்டு சொம்பானது. முன்சீட்டில் கொட்டியது பின்சீட்டிலும் கொட்டியது. காருக்குள் ஈரச் சாக்கு நாற்றம். ஞானம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. அவர்கள் வீட்டில் அடுப்புப் புகையும் வரவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு ஹெலன் ஏதோ திரும்பத் திரும்பக் கேட்பது மட்டும் காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் குப்புராஜ் என்னை அழைத்தார்.

"பைபாஸ்ல ஒரு பாய் இருக்கானாமே, சவூதி மெக்கானிக்கு. வண்டிய அங்க அனுப்புறேன். நீயும் கூடப் போ."

"எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாதே சார்."

"வண்டியப் பாக்கச் சொல்லலய்யா. அவனப் பாரு. உள்ள இன்னா கெடைக்குது, அவன் இன்னா முழிக்கிறான், எல்லாம் பாத்து வெச்சிக்க. நாளைக்கு முதலாளி முன்னால கேப்பேன். சொல்லணும்."

சரி சார் என்றேன். வேறு என்ன சொல்லத் தெரியும் எனக்கு?

அப்துல் ரவூப் பாயின் ஷெட் ஆந்திரா போகும் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. பாய் பழவேற்காட்டுக்காரர். கூடப் பிறந்தவர்கள் எல்லாம் இறால், கருவாடு வியாபாரம். இவர் மட்டும் சவூதியில் எட்டு வருஷம் பெரிய பெரிய கார்களைப் பிரித்து மாட்டிவிட்டு வந்து இங்கே ஷெட் போட்டிருந்தார். எதிரே லாரிகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடின. தகரத்தின் மேல் மழை விழுந்த சத்தத்தில் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

அவர் எடுத்தவுடன் கை வைக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தண்ணி எப்ப வுழுது நைனா? நிக்கிறப்பவா, ஓட்றப்பவா?"

"பிரேக்கு போட்டா பாய்."

"திருப்பத்துல?"

"ரைட்ல ஒடிச்சா லெப்டு பக்கம் கொட்டுது."

"நிறுத்தி வெச்சிருந்தா?"

"ஒரு சொட்டு இல்ல பாய். அதான் பேஜாரா கீது. பாத்தா காஞ்சி கெடக்குது. ஏறி ஒக்காந்து பிரேக்க தொட்டா தலையில ஊத்துது."

பாய் தலையை ஆட்டினார். "அப்ப இது ஒயுவல. மேல எங்கியோ தேங்கி நிக்கிது. ஒயுவுறது வேற வியாதி, தேங்குறது வேற வியாதி."

பிறகு காருக்குள் ஏறி உட்கார்ந்து கூரைத் துணியைக் கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். மோப்பம் பிடித்தார். இறங்கி, முன்சீட்டுகளின் போல்ட்டைக் கழற்றிச் சீட்டைச் சாய்த்து, தரை விரிப்பைத் தூக்கினார். அடியில் இருந்த பஞ்சைக் கையால் பிழிந்தார். மஞ்சள் தண்ணீர் கொட்டியது.

"இங்க வா. இந்தப் பொட்டிய பாரு." சீட்டுக்கு அடியில் வயர்கள் கூடும் ஒரு கறுப்புப் பெட்டி. "வண்டிக்கு மூளையில பாதி இதுல கீது. தண்ணி எங்க நிக்கிது பாத்தியா? ஒரு வெரல் அளவு கீய. இதுல ஏறிச்சுன்னு வெச்சுக்க, வண்டி நடுரோட்டுல நின்னுடும். கண்ணாடி எறங்காது. கதவு லாக்காயிக்கும். உள்ள கீறவன் உள்ளதான்."

மோசஸ் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டான். முதலாளியை உள்ளே வைத்து மழையில் பூட்டிக்கொண்ட காரை அவன் பார்த்துவிட்டான் போலிருந்தது.

அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். சீட் ஓடும் தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பட்டாம்பூச்சி. குழந்தைகள் தலையில் குத்தும் கிளிப். பாய் மறுபக்கம் திரும்பியிருந்தார். குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது யாருடையது என்று யோசிக்க வேண்டியதில்லை. தினமும் காலையில் என் வாசலைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிற பட்டாம்பூச்சிதான். நாற்பத்தைந்து நிமிஷத்தின் கணக்கும் தெரிந்துபோயிற்று. அப்பன் கூரையைத் திறந்து விட்டிருக்கிறான். மகள் எழுந்து நின்று காற்றில் போயிருக்கிறாள். வேறென்ன பெரிய குற்றம்? ஆனால் ஆயில் ரூமில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நிமிர்ந்தபோது மோசஸ் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவனுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது, தெரிந்தால் குப்புராஜ் முன்னால் முகமே காட்டிக் கொடுத்துவிடும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

பாய் கூரைக் கண்ணாடியைப் பாதி திறந்து, ஸ்டூல் மேல் ஏறி டார்ச் அடித்தார்.

"இத யாரு வெச்சது?"

முன்பக்கம் இரண்டு மூலைகளிலும் வெள்ளையாகச் சிலிக்கான் பசை அப்பியிருந்தது. கண்ணாடிக் கடையில் ஜன்னலுக்குப் போடுவார்களே, அந்தப் பசை.

"தெரிலியே பாய்," என்றான் மோசஸ். "கம்பெனியிலயே வெச்சி அனுப்சிருப்பாங்க."

"கம்பெனியில கட்ட வெரல் ரேகையோட வெச்சி அனுப்புவாங்களா?"

மோசஸ் பாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் நெடுஞ்சாலையில் லாரி எண்ணிக்கொண்டிருந்தேன்.

"பொய் சொன்னீனா எனக்கு ரெண்டு நாளு வேல நைனா. நெசம் சொன்னா ரெண்டு மணி நேரம்."

"நான்தான் பாய் வெச்சேன். ஓட்ட இருந்துச்சு. ரெண்டு மூலையிலயும் இத்தினிக்கூண்டு ஓட்ட. அதுலதான் தண்ணி உள்ள வர்துன்னு நெனச்சேன். எங்க ஊட்டுல ஷீட்டுல ஓட்டன்னா தாரு வெப்போம். அதான்."

ரவூப் பாய்க்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். கீழே இறங்கி மோசஸின் தோளில் கை போட்டுப் பேசினார்.

"நல்லா கேளு. இந்தக் கண்ணாடி ஓரத்துல ரப்பர் கீதில்ல, அது தண்ணிய முழுசா நிறுத்தாது. கொஞ்சம் உள்ள வரும். வரட்டும்னுதான் செஞ்சிருக்கான். வர்ற தண்ணி சுத்தி ஓட்ற இந்த வாய்க்கால்ல எறங்கும். வாய்க்காலுக்கு நாலு மூலையில நாலு ஓட்ட. ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு டியூபு. கதவோரத்துல கீற கம்பத்துக்குள்ளயே பூந்து கீய எறங்கி டயராண்ட தண்ணிய வெளிய வுட்டுடும். நீ அடைச்சது தண்ணி வர்ற வழியில்லடா, போற வழி. உன் ஊட்டு ஷீட்டுல ஓட்ட இருந்தா தொல்ல. இதுல ஓட்ட அடைஞ்சாத்தான் தொல்ல."

மோசஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப நான்தான் கெடுத்தேனா பாய்?"

"ரெண்டாவது தபா கொட்டினது உன்னாலதான். மொத தபா எதுனாலன்னு இன்னும் தெரிலியே. நீ பசை வெக்கிறதுக்கு முந்தியே கொட்டிச்சு இல்ல?"

அந்தக் கேள்வி மோசஸுக்கு ஆறுதலாக இருக்கும் என்று பாய் நினைத்திருப்பார். அவன் முகம் இன்னும் வெளுத்தது. மகள் தலையை நீட்டியதால்தான் ஏதோ உடைந்துவிட்டது என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்தது. அப்போதாவது அவன் தோளைத் தொட்டு, 'எனக்குத் தெரியும்டா, பயப்படாதே' என்று சொல்லியிருக்கலாம்.

பாய் பின்மூலைகளில் மூலைக்கொரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். கீழே ஒரு சொட்டு வரவில்லை. தண்ணீர் வாய்க்காலிலேயே நின்று பளபளத்தது. அதற்குள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

"ஜும்மா முடிச்சிட்டு வந்துடறேன். எதையும் தொடாத."

"பாய், பக்கத்துல டயர் கடையில ஏர் கீது. மேலருந்து ஒரே அடி அடிச்சா போயிடாது?"

"அடிச்சீனா டியூபு கம்பத்துக்குள்ள கயண்டுக்கும். அப்பறம் தண்ணி வெளிய போவாது, நேரா அந்தப் பொட்டி மேலதான் போவும். கூரையே பிரிக்கணும். தொடாதன்னா தொடாத."

பாய் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மழை வலுத்தது. நாங்கள் இருவரும் பிரித்துப்போட்ட காரின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். சீட்டு ஒரு பக்கம், விரிப்பு ஒரு பக்கம். நாளைக் காலை ஏழு மணிக்கு அது ஏர்போர்ட்டுக்குப் போயாக வேண்டும்.

ஞானம்மா குடையோடு வந்தாள். தூக்குச்சட்டியில் சோறும் இறால் தலைக் குழம்பும். காலையில் நாஷ்டாகூடத் தின்னாமல் புருஷன் கிளம்பிவிட்டான் என்று, வந்ததும் வராததுமாக இலையை விரித்தாள்.

"உங்களுக்கும் சேத்துத்தான்ணா ஆக்கினேன். சாப்டுங்க. இன்னா சொல்றாரு பாய்?"

"ரிப்பேராயிடும்னு சொல்றாரும்மா."

"எதுனாலன்னு சொன்னாரா?"

"இன்னும் இல்ல."

அவள் குழம்பை ஊற்றினாள். "மேனேஜரு உங்கள இன்னாத்துக்குணா அனுப்சாரு?"

"சும்மா, தொணைக்குத்தான்."

பொய் சொல்லும்போது குழம்பு நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மோசஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாய்க்குப் போகவில்லை.

"கீய குனிஞ்சீங்களேணா. எதுனா கெடச்சுதா?"

"ஒண்ணுமில்லப்பா. ஏதோ ஸ்குரூ."

ஞானம்மாவின் கரண்டி சட்டிக்குள்ளேயே நின்றது. பிறகு எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள், நான் போதும் என்று சொல்லியும்.

இரண்டு மணிக்கு பாய் வந்தார். ஒரு டப்பாவிலிருந்து தடித்த நைலான் நரம்பை எடுத்தார். பழவேற்காட்டில் பெரிய மீனுக்குத் தூண்டில் போடும் நரம்பு. அதன் நுனியைத் தீக்குச்சியில் காட்டி உருக்கி, மிளகு மாதிரி உருட்டிக்கொண்டார். "கம்பி வுட்டா டியூப கிழிச்சிடும். இது நோவாம போவும்."

முதலில் சிலிக்கானை மெதுவாகக் கீறிப் பிடுங்கினார். நீளமாக, வேரோடு வந்தது. அதன் அடியிலும் ஏதோ வெள்ளையாக இறுகியிருந்தது. நரம்பை விட்டுத் திருகித் திருகித் தள்ளினார். போகவில்லை. வெந்நீர் கேட்டார். ஞானம்மா டீக்கடைக்கு ஓடிப்போய் வாங்கி வந்தாள். ஊசி போடும் சிரிஞ்சில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு, மறுபடி திருகினார். மோசஸ் டயர் பக்கத்தில் மண்டியிட்டுக் குழாயின் கீழ் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு அசைந்தது. ஜெபம் பண்ணுகிறான் என்று நினைக்கிறேன்.

பொத்தென்று ஒரு கட்டி விழுந்தது. பின்னாலேயே தண்ணீர். மஞ்சளாக வந்து, பிறகு தெளிந்து, மோசஸின் முழங்காலை நனைத்தது.

"வந்துச்சு பாய்!"

பாய் கட்டியை உள்ளங்கையில் வைத்து நசுக்கிப் பார்த்தார். வெள்ளைப் பசை, நடுவில் மில் தூசியின் கறுப்பு, அங்கங்கே சிவப்பு. "பட்டி பூசின மாதிரி கீதே. இன்னா இது? சவூதியில மணலு வரும், இல்ல எல வரும். இது மாதிரி நான் பாத்ததே இல்ல."

ஞானம்மா எட்டிப் பார்த்தாள். விரலால் கொஞ்சம் எடுத்து முகர்ந்தாள். "பாய், இது பொரி."

"பொரியா?"

"ஊறிப் புளிச்சிக்கினு கீது. ஹெலனுக்கு ஜொரம் வந்தா பொரிக் கஞ்சிதான் வெப்பேன். எனக்குத் தெரியாதா? இத பாருங்க, ஒடச்ச கடல. இது குங்குமம்."

நான்கு மூலையிலும் அதேதான். ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு கட்டி. முதலாளி பேரன் வாரி இறைத்ததில் பாதி எங்கள் தலைமேல் விழுந்தது, மீதி வாய்க்காலுக்குள் விழுந்திருக்கிறது. மழை வந்ததும் ஊறி உப்பி அடைத்துக்கொண்டுவிட்டது. முந்நூறு பேர் நின்று கைதட்டிய காரியம்.

மோசஸ் எழுந்து நின்றான். சிரிக்கப் போகிறானோ அழப்போகிறானோ என்று தெரியவில்லை. "அப்ப எங்களால இல்ல," என்றான். எங்களால் என்று சொன்னதை அவனே கவனிக்கவில்லை. ஞானம்மா கவனித்தாள். சட்டென்று என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இத யாரு போய் மேனேஜராண்ட சொல்றது?" என்றாள். "மொதலாளி ஊட்டுப் புள்ள போட்ட பொரின்னு இவுரு சொன்னா, அதுக்கே காலு போயிடும்."

பாய் பெரிய கட்டியைப் பழைய பேப்பரில் மடித்து என்னிடம் நீட்டினார். "வெச்சிக்க கிளார்க்கு சார். யாருனா கேட்டா காட்டு. நீதான சாட்சி."

வாங்கிக்கொண்டேன். சட்டைப் பையில் ஒருபக்கம் பட்டாம்பூச்சி, ஒருபக்கம் பொரி.

பஞ்சைப் பிழிந்து, ஃபேன் வைத்து, போகஸ் லைட்டு போட்டுச் சாயங்காலம் வரை உலர்த்தினோம். பிறகு நான்கு வாளித் தண்ணீரைக் கூரைமேல் ஊற்றி, பாய் என்னை முன்சீட்டில் உட்காரச் சொன்னார். மோசஸ் சர்வீஸ் ரோட்டில் வேகம் எடுத்தான். எனக்குக் கண்ணைத் திறந்து வைக்கத் தைரியமில்லை. பிரேக் போட்டான். முன்னால் போய்ப் பின்னால் வந்தேன். தலையைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மூன்று முறை போட்டான். மூன்று முறையும் காய்ந்திருந்தது. ஆனாலும் அவன் கூரையைப் பார்க்கவில்லை, என் சட்டைப் பையைத்தான் பார்த்தான். பயம் காரைப் பற்றியதே இல்லை என்று எனக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை விடியும்போதே நல்ல மழை. மோசஸும் குப்புராஜும் ஏழு மணிக்குப் போனார்கள். பதினொரு மணிவரை நான் ஒரு லாரியின் எடையையும் சரியாக எழுதவில்லை. கேட்டுக்கு வெளியே, மரத்தடியில், ஞானம்மா குடை பிடித்து நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்து உட்கார் என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

கார் வந்தது. கேட்டுக்கு முன்னால் இருக்கும் வேகத்தடையில் பிரேக் பிடித்தது. கறுப்புக் கண்ணாடி. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. மெதுவாக உருண்டு வந்து எடை மேடைப் பக்கத்தில் நின்றது. பின்கண்ணாடி இறங்கியது. முதலாளியின் வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

முன்சீட்டிலிருந்து குப்புராஜ் கேட்டார். "அரசப்பா, நேத்து கூடப் போனியே. எதுனால ஒயுகிச்சாம்? உள்ள இன்னா கெடச்சுது? முதலாளிக்குச் சொல்லு."

மோசஸ் திரும்பவில்லை. அவன் பின்கழுத்து மட்டும் எனக்குத் தெரிந்தது. இல்ல சார், ஒண்ணும் தெரியாது சார் என்று நாக்கு பழக்கத்தில் புறப்பட்டுவிட்டது. பச்சையப்பனின் பாதம் நினைவுக்கு வந்தது. பையில் கை விட்டேன். விரலில் முதலில் கிளிப்தான் தட்டுப்பட்டது. அதை விட்டுவிட்டுப் பேப்பர் மடிப்பை எடுத்து நீட்டினேன்.

"பொரி சார். ஆயுத பூஜைப் பொரி. மேல நின்னு எறைச்சாங்களே, அது உள்ள வுழுந்து அடைச்சிக்கிச்சு. வேற ஒண்ணும் இல்ல."

குப்புராஜின் முகம் செத்துப்போனது. முதலாளி பேப்பரைப் பிரித்தார். கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்துவிட்டார் போலிருந்தது.

அவர் அந்தக் கட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நம்ம பையன் போட்டதா?" சிரித்தார். "சாமிப் பொரி வண்டிக்குள்ளயே தங்கியிருக்குன்னா நல்லதுதான்யா." குப்புராஜும் உடனே சிரித்தார். கண்ணாடி ஏறியது. கார் உள்ளே போய்விட்டது.

அவ்வளவுதான். ஒரு மனுஷன் நான்கு நாள் தின்னாமல் தூங்காமல் செத்துப் பிழைத்ததற்கு முடிவு ஒரு சிரிப்பு. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. வாயைத் திறப்பது இத்தனை சுலபம் என்றால் பச்சையப்பனுக்கு ஏன் திறக்கவில்லை?

மத்தியானம் குப்புராஜ் தனியாக வந்து ஞாயிற்றுக்கிழமைப் புத்தகத்தைப் புரட்டினார். "பங்க் போய்ட்டு வர நாப்பத்தஞ்சு நிமிஷமா?"

"பங்க்ல கரெண்டு இல்ல சார். நானே விசாரிச்சேன்."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். பதினாறு வருஷத்தில் அடுத்தவனுக்காக நான் சொன்ன முதல் பொய். மனசு குளிர்ந்துபோய் அன்று சாயங்காலம் மழை விட்டதும் மோசஸ் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் ஹெலன் உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தாள். தலையில் ஒரு பக்கம் சிவப்புப் பட்டாம்பூச்சி. மறுபக்கம் முடி கண்ணில் விழுந்து கிடந்தது. ஞானம்மா வெளியே வந்தாள். சிரித்துக்கொண்டே கிளிப்பை நீட்டினேன்.

"ஞானம்மா, இது நம்ம பாப்பாவுதுதான? வெச்சிக்க."

அவள் கிளிப்பைப் பார்த்தாள். என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். கடைசியாக என் முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல சார்," என்றாள். "அது எங்க ஊட்டுது இல்ல."

"ம்மா, அது என்..." என்று ஹெலன் எழுந்தாள். ஞானம்மா ஒரு கையால் அவள் வாயைப் பொத்தினாள். இன்னொரு கை குழந்தையின் தலையில் மிச்சமிருந்த பட்டாம்பூச்சியை மூடிக்கொண்டது. உள்ளே, இருட்டில், மோசஸ் நின்றுகொண்டிருந்தான். வெளியே வரவில்லை.

யாரிடமும் சொல்ல மாட்டேன், பயப்படாதே என்று சொல்ல வாயெடுத்தேன். ஆயில் ரூமுக்குக் கூட்டிப்போகிறவர்களும் அதையேதான் சொல்லிக் கூட்டிப்போவார்கள் என்று தோன்றியது. அவள் என்னை அண்ணா என்றே கூப்பிட்டுப் பழகியவள். கிளிப்பை மறுபடி பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தேன். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.